சேவைக்குச் சான்று: கேமரன் மலைத் தமிழரும் படைக்காலப் பதிவேடுகளும்

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டிக் கம்போங் ராஜாவுக்குப் போகும் வழியில் இருக்கிறது திரிங்காப். வெளியூர்க்காரர்கள் அதைக் காய்கறிக்காகவும் பூவுக்காகவும் அறிவார்கள். அந்த ஊர் புதுக்கிராமமாக உருவெடுத்தது 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில். கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களுக்கு அரிசியும் செய்தியும் போய்ச் சேராமல் தடுப்பதற்காக, 1950இல் பிரிட்டிஷ் அதிகாரி ஹெரால்டு பிரிக்ஸ் ஒரு திட்டம் வகுத்தார். அதன்படி மலாயா முழுவதும் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் முள்கம்பி வேலிக்குள் குடியமர்த்தப்பட்டார்கள். கேமரன் மலையின் புதுக்கிராமங்கள் அப்படி வந்தவை. தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றுசேர்த்து, வேலி கட்டி, காவல் போட்டார்கள்.

அந்தக் காவலுக்கு நின்றவர்கள் யார்? அதற்கு முன்பு நேதாஜியின் படைக்குத் தோட்டத்திலிருந்து புறப்பட்டவர்கள் யார்? பிறகு மலேசிய இராணுவத்தில் சேர்ந்து எல்லைக் காடுகளில் ரோந்து போனவர்கள் யார்? மலேசியத் தோட்டக் குடும்பங்களில் "தாத்தா பட்டாளத்தில் இருந்தார்" என்பது அரிதான பேச்சல்ல. எந்தப் பட்டாளம், எந்த ஆண்டு, என்ன எண் என்று அடுத்த கேள்வி கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பதில் வராத இடத்தில் ஓய்வூதியமோ உதவித்தொகையோ மருத்துவ வசதியோ வராது.

படைப்பணியை நிரூபிக்கும் சுமை இன்று பணிசெய்த முதியவர் மேலும் அவருடைய விதவை மேலும் கிடக்கிறது. பதிவேட்டை உருவாக்கியதும், பூட்டி வைத்ததும், சில சமயம் அழித்ததும் அரசுகள். ஆகவே தேடும் சுமையில் பெரும்பங்கை அரசுகளே ஏற்கவேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். அதுவரை குடும்பங்கள் தம் பங்குக்குச் செய்யக்கூடியவையும் உண்டு. இரண்டையும் புரிந்துகொள்ள, மலாயாத் தமிழர் எந்தெந்தப் படைகளில் இருந்தார்கள் என்பதிலிருந்து தொடங்கவேண்டும். ஒவ்வொரு படைக்கும் பதிவேடு வேறு, அது இருக்கும் நாடும் வேறு.

நேதாஜியின் படை

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு மோகன் சிங் தலைமையில் முதல் இந்திய தேசிய இராணுவம் அமைந்தது. அந்த ஆண்டின் இறுதியிலேயே அது கலைந்தும் போனது. 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்த பிறகுதான் தோட்டத் தமிழர்கள் பெருமளவில் படைக்குள் வந்தார்கள். துப்பாக்கியைத் தொட்டறியாத பால்வெட்டுத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். அக்டோபரில் கேப்டன் லட்சுமி தலைமையில் ஜான்சி ராணிப் படை பயிற்சியைத் தொடங்கியபோது, மலாயாப் பெண்களும் சேர்ந்தார்கள்.

போர் முடிந்ததும் இவர்களுக்கு நேர்ந்தது இரண்டு விதம். 1945 மே மாதத் தொடக்கத்தில் பிரிட்டிஷார் ரங்கூனுக்குள் நுழைந்தபோது, நகரில் ஒழுங்கைக் காக்க நிறுத்தப்பட்டிருந்த படைக்குத் தலைமை தாங்கியவர் மேஜர் ஜெனரல் ஏ.டி. லோகநாதன். அவருடன் சுமார் 6,000 பேர் இருந்தார்கள். சரணடைந்தவர்களில் முன்பு பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்தவர்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று வகையாகப் பிரித்து விசாரித்தார்கள். கறுப்புப் பட்டியலில் விழுந்தவர்களுக்குப் படைவேலையும் நிலுவைச் சம்பளமும் போயின. அது கொடுமைதான். ஆனாலும் அவர்களுடைய பெயர் ஒரு கோப்பில் ஏறியது. தோட்டத்திலிருந்து போன சாதாரண மக்கள் பிரிட்டிஷ் சிப்பாய்களாக இருந்ததில்லை. அவர்களில் பலரை அப்படியே விட்டுவிட்டார்கள். சிலர் மட்டும் ரங்கூன் சிறையிலும் முகாம்களிலும் சில மாதங்கள் அடைபட்டார்கள். மீண்டும் தோட்டத்துக்குத் திரும்பியவர் வேலைப்பதிவேடான செக்ரோலில் பழையபடி ஒரு பெயராக ஏறினார். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு அவரிடம் தாள் எதுவும் இல்லை.

இந்தத் தாள் இல்லாமைதான் பின்னாளில் பெரிய தடையானது. சுதந்திர வெள்ளிவிழாவை ஒட்டி 1972இல் இந்திய நடுவண் அரசு விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத்தைத் தொடங்கியது. 1980இல் அது விரிவாக்கப்பட்டு 'சுதந்திரதா சைனிக் சம்மான்' திட்டம் ஆனது. அதன் அடிப்படை அளவுகோல் சிறைவாசம். பொதுவாக ஆறு மாதம் சிறையில் இருந்திருக்கவேண்டும், பெண்களுக்கு மூன்று மாதம். சிறைப் பதிவேட்டின் நகல் வேண்டும். அது கிடைக்காவிட்டால், பதிவேடு கிடைக்கவில்லை என்று மாநில அரசு சான்று தரவேண்டும். அதோடு, தம் சிறைவாசத்தை ஏற்கெனவே நிரூபித்த சக கைதிகள் சான்றளிக்க வேண்டும்.

இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் திரும்பியிருந்த ஒருவர் ரங்கூன் சிறையில் இருந்ததாகச் சொன்னால், அந்தப் பதிவேடு இல்லை என்று எந்த மாநில அரசு எழுதித் தரும்? சிறை வேறொரு நாட்டில் இருக்கிறது. சக கைதி உயிரோடு இருக்கிறாரா என்பதே கேள்வி. பள்ளிக்கூடம் போகாதவருக்குப் பிறந்த தேதி தெரியாது. உத்தேசமாக எழுதிய வயதைக் கணக்கிட்டு "அப்போது நீங்கள் சிறுவன்தானே" என்று மனுவைத் திருப்புவார்கள். சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த இந்திய தேசிய இராணுவ வழக்குகளில் திரும்பத் திரும்பத் தென்படுவது இந்தக் கோலம்தான்.

உச்ச நீதிமன்றம் இதில் இரண்டு முக்கியமான விளக்கங்களைத் தந்தது. 1993இல் முகுந்த் லால் பண்டாரி வழக்கில், தாமதமாக மனு போட்டார் என்பதற்காக மட்டும் ஒருவரின் கோரிக்கையைத் தள்ளக்கூடாது என்றது. 2001இல் குர்தியால் சிங் வழக்கில், குற்றவழக்கில் கேட்பது போன்ற கறாரான நிரூபணத்தை இங்கே கேட்கக்கூடாது, திட்டத்தின் நோக்கம் கௌரவிப்பது என்பதால் தாராளமாகப் பார்க்கவேண்டும் என்றது. இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம் தன்னிடமிருந்த இந்திய தேசிய இராணுவக் கோப்புகளில் 990ஐத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு ஒப்படைத்தது 1997இல். திட்டம் தொடங்கிக் கால் நூற்றாண்டு கழிந்த பிறகு! அதுவரை மனுதாரரிடம் சான்று கேட்ட அரசின் அலமாரியிலேயே அந்தப் படையைப் பற்றிய கோப்புகள் இருந்தன.

பெயர் பெற்றவர்களுக்குக் கௌரவம் வந்தது உண்மை. ஜான்சி ராணிப் படையின் தலைமையில் இருந்த ஜானகி ஆதிநாகப்பனுக்கு 2000இல் இந்திய அரசு பத்மஸ்ரீ தந்தது. அவரோடு வரிசையில் நின்ற தோட்டத்துப் பெண்களில் எத்தனை பேருக்குக் கையில் ஒரு துண்டுத் தாள் இருந்தது என்பதுதான் கேள்வி.

அவசரகாலத்துக் காவல்

1948 ஜூன் 16 அன்று பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 ஜூலை 31 அன்று முடிவுக்கு வந்தது. மலேசியாவில் அந்த ஜூலை 31தான் இன்றும் மறவர் நாள். தோட்டங்களையும் ஈய லம்பங்களையும் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் என்னும் எஸ்.சி.க்கள் பல்லாயிரக்கணக்கில் எடுக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். தோட்டங்களிலிருந்து இந்தியரும் சேர்ந்தார்கள். அதோடு, ஊர்க்காவல் படை தனியாக இருந்தது.

குடும்பங்கள் இந்த இடத்தில் குழம்பிவிடுகின்றன. எஸ்.சி. காக்கி உடுத்தி, துப்பாக்கி ஏந்தி, கொரில்லாக்களோடு சண்டை போட்டவர். ஆனாலும் அவர் காவல்துறையைச் சேர்ந்தவர். அவருடைய பதிவை இராணுவத்தில் தேடினால் கிடைக்காது. "அப்பா ஆர்மியில் இருந்தார்" என்று மகன் மனு எழுதுவார். அப்படி ஒரு பெயரே இல்லை என்று இராணுவம் சொல்லும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. மனு போன கதவுதான் தவறு.

அதே காலத்தில் இராணுவத்தின் கதவும் தமிழருக்குத் திறந்தது. 1933இல் தொடங்கிய மலாய் ரெஜிமெண்டில் மலாய்க்காரர் மட்டுமே சேரலாம். பல இனத்தவரும் சேரக்கூடிய ஃபெடரேஷன் ரெஜிமெண்ட் 1952இல் வந்தது. இவை தவிர, பிரிட்டிஷ் இராணுவமே தன் சிக்னல், போக்குவரத்து, பொறியியல் பிரிவுகளுக்கு உள்ளூர் ஆட்களை எடுத்துக்கொண்டது. பிரிட்டிஷ் படையில் இருந்தவரின் பதிவு பிரிட்டனைச் சேர்ந்தது. அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகம் தன் பழைய பணிப்பதிவுகளை 2022 முதல் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றி வருகிறது.

எழுத்துச் சான்று எதுவும் இல்லாத வீட்டில் பதக்கம் இருக்கலாம். 'மலாயா' என்ற பட்டையோடு வந்த ஜெனரல் சர்வீஸ் பதக்கத்தின் விளிம்பில் பெற்றவரின் எண்ணும் பதவியும் பெயரும் பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும். பூஜை அறையிலோ தகரப் பெட்டியிலோ கிடக்கும் பதக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்து விளிம்பில் பார்க்கவேண்டும். எந்த அலுவலகத்தில் தேடுவது என்ற கேள்விக்குப் பல சமயம் பதில் அங்கேயே இருக்கும்.

பிரிட்டிஷ் முடியின் படைகளில் சுதந்திரத்துக்கு முன் பணிசெய்து, இன்று வறுமையில் இருக்கும் பழைய வீரர்களுக்கும் விதவைகளுக்கும் உதவ ராயல் காமன்வெல்த் முன்னாள் படையினர் கழகம் என்ற அமைப்பு இருக்கிறது. 1921இல் தொடங்கியது. அத்தகையோருக்காகப் பிரிட்டன் அரசு 2018இல் 1 கோடியே 18 லட்சம் பவுன் அறிவித்தது. நாளைக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டுக்காவது வழி செய்வது அதன் நோக்கம். இந்த உதவிக்கும் முதல் கேள்வி அதேதான்: எந்தப் பிரிவு, எந்த எண்?

மலேசியப் படை

1957க்குப் பிறகு தமிழர் தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றிலும் இருந்தார்கள். 1967இல் மலேசியக் கடற்படையின் முதல் உள்நாட்டுத் தலைவரானவர் கே. தனபாலசிங்கம். அவர் ஒரு தமிழர். இந்தோனேசியாவோடு நடந்த மோதல், 1968இல் மீண்டும் தொடங்கி 1989 டிசம்பரில் ஹாட்யாய் உடன்பாட்டோடு முடிந்த இரண்டாவது கம்யூனிஸ்டுக் கிளர்ச்சி என்று இந்தத் தலைமுறைக்கும் சண்டைக்குக் குறைவில்லை.

இவர்களில் பலர் அறியாமலே தம் உரிமையின் எல்லையைத் தீர்மானித்துக்கொண்ட இடம் ஒன்று உண்டு. அதிகாரி அல்லாத சாதாரணப் படைவீரருக்கு ஓய்வூதியம் கிடைக்க 21 ஆண்டுப் பணி வேண்டும். முதல் ஒப்பந்தம் முடிந்ததும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வெளியே வந்தவர் ஓய்வூதியம் இல்லாத முன்னாள் வீரர் ஆகிறார். கிளர்ச்சிக்காலம் முழுக்கக் காட்டில் கழித்திருந்தாலும் கணக்கு மாறாது. இந்தியாவில் அதே நிலையில் உள்ள சிப்பாய்க்கு 15 ஆண்டு போதும்.

ஓய்வூதியம் இல்லை என்றால் எதுவுமே இல்லை என்று முடிவுகட்டி வீட்டில் உட்கார்ந்துவிடுவது நம்மவர் செய்யும் பெரும் பிழை. முன்னாள் படைவீரர் விவகாரத் துறையை மலேசியாவில் ஜே.எச்.இ.வி. என்பார்கள். ஓய்வூதியம் இல்லாதவர்களில் வறியோருக்கான வாழ்வுதவி, மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு போன்றவற்றுக்கு அதுவே வாசல். 2012ஆம் ஆண்டின் முன்னாள் படைவீரர் சட்டம், 740ஆம் எண் சட்டம், பதிவுக்கு வழிசெய்கிறது. அந்தப் பதிவும் வெட்ரன் அட்டையும் இருந்தால்தான் மற்ற கதவுகளைத் தட்டமுடியும்.

இன்னொன்று எல்.டி.ஏ.டி. என்னும் படையினர் சேமநிதி. 1972இல் தொடங்கிய இதில் சாதாரணப் படைவீரர் கட்டாயமாகச் சந்தா செலுத்தினார். அரசும் தன் பங்கைச் செலுத்தியது. ஓய்வூதியத் தகுதி பெறாமல் வெளியேறியவருக்கு அரசின் பங்கும் சேர்த்தே உரியது. எடுத்தாரா, எடுக்காமல் இறந்தாரா, வாரிசாக யாரை நியமித்தார் என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியாது. நெடுங்காலம் யாரும் கேட்காத பணம் தலைமைக் கணக்கரின் உரிமை கோரப்படாத பணப் பதிவேட்டுக்குப் போயிருக்கக்கூடும். தந்தையின் பெயரையும் அடையாள எண்ணையும் வைத்து அங்கும் ஒரு முறை தேடிப்பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

சங்கிலி அறுபடும் இடங்கள்

மூன்று படைகளையும் சேர்த்துப் பார்த்தால், சான்றுச் சங்கிலி பெரும்பாலும் மூன்றே இடங்களில் அறுபடுகிறது: பெயர், எண், திருமணம்.

முதலில் பெயர். மலாயாவில் அடையாளக் கார்டு வந்ததே அவசரகாலத்தில், 1948இல். தோட்டத் தொழிலாளியின் பெயரைத் தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதினார். படையில் சேர்த்துக்கொண்ட குமாஸ்தா வேறுமாதிரி எழுதினார். பிள்ளையின் பிறப்புச் சான்றில் மூன்றாவது மாதிரி வந்தது. முனியாண்டி என்ற ஒரே மனிதர் மூன்று தாள்களில் மூன்று மனிதர் ஆகிவிடுவார். தந்தை பெயர் ஒரு தாளில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. இதைச் சரிசெய்ய, அத்தனை எழுத்துமுறைகளும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று சத்தியப் பிரமாணம் செய்து, ஆணையர் முன் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். மனு போடுவதற்கு முன்பே செய்யவேண்டிய வேலை இது. மனு திரும்பி வந்த பிறகு செய்தால் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

அடுத்தது எண். மலேசியப் படையில் இருந்தவரிடம் பொதுமக்களின் அடையாளக் கார்டான ஐ.சி. இருக்காது. படையின் அடையாள அட்டையும் படை எண்ணும்தான் இருக்கும். வெளியே வந்த பிறகே பொது ஐ.சி. கிடைக்கும். இதனால் ஒரே ஆளுக்கு வாழ்க்கையில் இரண்டு எண்கள். பணிச்சான்று தொலைந்துபோன வீட்டில் இதுவே பெரிய உதவியாகவும் ஆகலாம். அவர் படையில் இருந்தபோது பிறந்த பிள்ளையின் பிறப்புச் சான்றில் தந்தையின் அடையாள எண் எழுதும் இடத்தைப் பாருங்கள். அங்கே படை எண் இருந்தால், அரசே எழுதிக்கொடுத்த சான்று கையில் இருக்கிறது என்று பொருள். அந்தக் காலத்துத் திருமணப் பதிவையும் இதே கண்ணோடு பார்க்கலாம்.

மூன்றாவது திருமணம். விதவைக்கும் பிள்ளைகளுக்கும் சேரவேண்டிய வாரிசு ஓய்வூதியம், மலாயில் 'பென்சென் தெர்பித்தான்', சட்டப்படியான மனைவிக்கே கிடைக்கும். முஸ்லிம் அல்லாதாரின் திருமணத்தைப் பதிவுசெய்யக் கோரும் 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி முறையாக நடந்த கல்யாணங்களைப் பதிவானவையாகவே சட்டம் கருதுகிறது. அதற்குப் பின் கோயிலில் தாலி கட்டிய கல்யாணத்தைப் பதிவுசெய்யாமல் விட்டால், ஊரறிந்த மனைவியும் தாளில் மனைவி ஆகமாட்டார். பிள்ளைகளின் உரிமையும் அதோடு சிக்கிக்கொள்ளும். 1982 மார்ச் மாதத்துக்கு முன்பா பின்பா என்பதை ஒவ்வொரு குடும்பமும் முதலில் தெளிவாக்கிக்கொள்ளவேண்டும்.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான், தாளின் பெயர் மட்டும் வேறு. இந்திய இராணுவத்தில் சிப்பாயின் கல்யாணமும் பிள்ளைப்பேறும் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற பதிவாக ஏறவேண்டும். அது ஏறாமல் போனால், கணவர் இறந்த பின் மனைவி ஆவண அலுவலகத்துக்கும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் மாறி மாறி நடக்கவேண்டியதுதான். மெட்ராஸ் ரெஜிமெண்ட்டுக்காரரின் பதிவு நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. இந்தியாவில் குடும்ப ஓய்வூதியம் பொதுவாகக் கடைசிச் சம்பளத்தின் 30 விழுக்காடு. தொடக்க ஆண்டுகளில் அது 50 விழுக்காடாகக் கூடுதல் விகிதத்தில் வரும். தொகை எவ்வளவானாலும், பெயர் பொருந்தாத விதவைக்கு அது வெறும் எண்தான்.

வேறு வழி உண்டா?

ஆவணம் அழிந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அமெரிக்க அனுபவம் ஒன்று உண்டு. 1973 ஜூலை 12 அன்று செயிண்ட் லூயிஸ் நகரில் படையினர் பதிவு மையத்தில் தீப்பற்றியது. ஒரு கோடியே அறுபது லட்சம் முதல் ஒரு கோடியே எண்பது லட்சம் வரையிலான கோப்புகள் எரிந்துபோயின. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் பதிவுகளில் சுமார் 80 விழுக்காடு போய்விட்டது. அந்த மையம் சம்பளப் பட்டியல், மருத்துவமனைப் பதிவு, பிரிவின் தினசரி அறிக்கை என்று வேறு இடங்களில் கிடந்த துணுக்குகளைக் கொண்டு ஒவ்வொருவரின் பணியையும் திரும்பக் கட்டியெழுப்பும் வேலையைத் தொடங்கியது. 2000இல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. முன்னாள் வீரர் தம் கோரிக்கைக்குச் சான்று திரட்ட, அரசுத் துறையே உதவவேண்டும் என்று அதைக் கடமையாக்கியது.

மலேசிய, இந்திய நடைமுறைகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பணக்கார நாடு என்பதோடு நிற்பதில்லை. அங்கே கேள்வி "உன்னிடம் என்ன தாள் இருக்கிறது?" என்று தொடங்கி, "எங்களிடம் எங்கே தேடலாம்?" என்று தொடரவேண்டும் என்பதே சட்டத்தின் எதிர்பார்ப்பு. குர்தியால் சிங் வழக்கின் தீர்ப்பும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது. தீர்ப்பு நீதிமன்றத்தில் இருக்கிறது, அலுவலக மேசைக்கு இறங்கிவரவில்லை.

இதற்கு மறுப்பும் உண்டு. சான்றைத் தளர்த்தினால் போலிகள் நுழைவார்கள் என்பார்கள். இந்தியாவில் போலி விடுதலை வீரர்கள் பிடிபட்டது உண்மை. அதற்குத் தீர்வு, முதியவரிடம் இன்னும் ஒரு தாள் கேட்பதில் இல்லை. போலிக்காரருக்குத் தாள் செய்வது எளிது. உண்மையானவருக்குத்தான் தாள் கிடைப்பது கடினம். அரசின் பதிவேடு ஒழுங்காக அட்டவணைப்படுத்தப்பட்டுத் தேடக்கூடியதாக இருந்தால், போலியும் பிடிபடும், உண்மையும் வெளிவரும்.

திரிங்காப்பில் இந்தச் சுமை இன்னும் கூடுகிறது. கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. மாநிலத் தலைநகரான குவாந்தான் நாட்டின் கிழக்குக் கரையில் இருக்கிறது. சிம்பாங் பூலாய் வழியாக இறங்கினால் பேராக்கின் ஈப்போதான் அருகில். நடமாட முடியாத எண்பது வயதுக்காரர் மாநிலக் கணக்கைப் பார்த்து மலையிறங்கிக் கிழக்குக் கரைக்குப் போகவேண்டுமா? மாவட்டத் தலைமையிடமான தானா ராத்தாவில் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஜே.எச்.இ.வி., எல்.டி.ஏ.டி., தேசியப் பதிவுத் துறை, காவல்துறை நான்கும் ஒரே நாளில் ஒரே கூடத்தில் மேசை போட்டால், இப்போது பல மாதம் இழுக்கும் வேலை ஒரு பகலில் தொடங்கிவிடும்.

குடும்பங்கள் செய்யவேண்டியது

அரசு அசையும்வரை காத்திருக்க முதியவர்களுக்கு நேரமில்லை. ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களின் தலைமுறை ஏறத்தாழ முடிந்துவிட்டது. அவசரகாலத்து எஸ்.சி.க்களில் மிஞ்சியிருப்பவர்கள் தொண்ணூறை நெருங்குபவர்கள் அல்லது தாண்டியவர்கள். எழுபதுகளில் மலேசியப் படையில் சேர்ந்தவர்களுக்கே இப்போது எழுபது வயது.

ஆகவே முதலில் பேசவைத்துப் பதிவுசெய்யுங்கள். கைப்பேசி போதும். சேர்ந்த ஊர், பயிற்சி எடுத்த முகாம், மேலதிகாரியின் பெயர், கூட இருந்தவர்கள், போன இடங்கள், வெளிவந்த ஆண்டு ஆகியவற்றைக் கேளுங்கள். படை எண்ணைக் கேளுங்கள். பேரன் பெயரை மறந்தவர்கூட அந்த எண்ணை மறப்பதில்லை என்பது படைவீரர் வீடுகளில் எல்லோரும் அறிந்தது.

அடுத்து, நேரடிச் சான்று இல்லாவிட்டால் பக்கச் சான்றுகளைச் சேருங்கள். பதக்கத்தின் விளிம்பைப் படமெடுங்கள். சீருடைப் படத்தில் தொப்பிச் சின்னமும் தோள்பட்டையும் தெரிந்தால் எந்தப் பிரிவு என்று முன்னாள் வீரர் சங்கத்தாரால் சொல்லமுடியும். 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதியில், அதாவது இ.பி.எஃப்.இல், தோட்டம் செலுத்திய சந்தா எந்த ஆண்டு நின்று எந்த ஆண்டு மீண்டும் தொடங்கியது என்று பாருங்கள். அந்த இடைவெளி படையில் இருந்த ஆண்டுகளோடு ஒத்துப்போகலாம். புளூ வேலி, சுங்கை பாலாஸ் போன்ற தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் இருந்தால், தந்தையின் தொழில் என்ற பத்தியைப் பாருங்கள். இவற்றில் எதுவும் தனியாக நின்று வழக்கை முடிக்காது. நான்கைந்து சேர்ந்து ஒரே திசையைக் காட்டினால் எந்த அதிகாரியும் எளிதில் ஒதுக்கமுடியாது.

பிறகு சரியான கதவைத் தேர்ந்தெடுங்கள். இராணுவம், கடற்படை, விமானப்படை என்றால் ஜே.எச்.இ.வி.க்குப் போங்கள். எஸ்.சி., துணைக் காவல் என்றால் காவல்துறை. பிரிட்டிஷ் படை என்றால் பிரிட்டன். இந்தியாவுக்குத் திரும்பிய இந்திய தேசிய இராணுவக்காரரின் குடும்பம் என்றால் இந்திய உள்துறை அமைச்சகமும் தேசிய ஆவணக் காப்பகமும். மனுவோடு அசலைக் கொடுக்காதீர்கள். சான்றொப்பமிட்ட நகலைக் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட அத்தாட்சி வாங்குங்கள். தரகரிடம் காசு கொடுக்காதீர்கள். ஓய்வூதியத்துக்கோ உதவித்தொகைக்கோ மனு போடுவதற்குக் கமிஷன் தரவேண்டியதில்லை.

கடைசியாக, உயிரோடு இருப்பவர் செய்யவேண்டிய ஒரு வேலை. வெட்ரன் அட்டை, பணிவிடுப்புச் சான்று, திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, சேமநிதி வாரிசு நியமனம் ஆகியவற்றின் நகல்களை ஒரே உறையில் போட்டு மனைவியிடம் கொடுத்து, எதற்கு எது என்று சொல்லி வையுங்கள். கணவர் இருக்கும்போது ஒரு மணி நேரத்தில் முடியும் இந்த வேலை, அவர் போன பிறகு விதவைக்குப் பல ஆண்டு அலைச்சலாகிவிடுகிறது.

தோட்டத்துக் கோயில் கமிட்டியும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கமும் முன்னாள் மாணவர் மன்றமும் இதை ஒரு பொதுவேலையாக எடுத்துக்கொள்ளவேண்டும். தம் வட்டாரத்தில் இருக்கும் முன்னாள் படையினர், எஸ்.சி.க்கள், அவர்களின் விதவைகள் ஆகியோரின் பட்டியலை எடுத்து, யாருக்கு எந்தத் தாள் இல்லை என்று குறித்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்தில் மேசை போடச் சொல்லிக் கேட்கவேண்டும். அடுத்த ஜூலை 31 மறவர் நாளுக்கு முன் அந்தப் பட்டியல் தயாராகட்டும்.